ப்யூட்னர் வீட்டுக்கு வந்த பின்டர்

பின்டர் குடும்பம் எங்கள் வாசலுக்கு வந்து நின்ற நேரத்தில் என் அப்பா முற்றத்தில் ஒரு பீப்பாய்க்குள் தீ மூட்டியிருந்தார். அந்த வேலையைப் பாதியில் விட முடியாது. உள்ளே தீ எரிய வேண்டும், வெளியே ஈரத்துணியால் பலகைகளை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓக் பலகை சூடேறி வளைந்து கொடுக்கும் பதம் பார்த்து இரும்பு வளையத்தை இறக்க வேண்டும். அதனால் ஊர்த்தலைவர் வாசலில் நின்று கூப்பிட்டபோது அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புர்கார்ட்! உங்க மாடி அறைக்கு ஆள் கொண்டாந்திருக்கேன். ஹங்கேரியிலேருந்து துரத்திவிட்ட நம்ம ஜெர்மன் ஜனங்க. அம்மாவும் மகனும்."

"மாடி அறையில என் பசங்க துணிமணி இருக்கு."

"எல்லார் வீட்டு மாடியிலயும் அதான் இருக்கு. பேரு பின்டர். எழுதிக்கிட்டாச்சு."

அது போர் முடிந்த மறு வருஷம், நாற்பத்தாறு. என் அண்ணன்கள் கிலியானும் கேயோர்கும் ரஷ்யாவிலிருந்து திரும்பவில்லை. அவர்கள் படுக்கையை அம்மா வாரத்துக்கு ஒருமுறை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பெயரைக் கேட்டதும்தான் அப்பா தலையைத் திருப்பினார். எங்கள் பேச்சில் பின்டர் என்றால் கட்டுகிறவன் என்று அர்த்தம்.

"பின்டரா? என்னத்தைக் கட்டுவாங்க? கதிரையா, புஸ்தகத்தையா?"

வாசலில் மரப்பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்த இளைஞன் நிமிர்ந்தான். நெடிய ஆள். முகமெல்லாம் ரயில் புழுதி.

"பீப்பாய்ங்க," என்றான்.

அப்பா சிரித்துவிட்டார். கேயோர்க் செத்துப்போன தகவல் வந்ததற்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"தம்பி, பீப்பாய் செய்யறவனுக்கு இந்த உலகத்துல ஒரே பேருதான். ப்யூட்னர். அது நாங்க."

"எங்க பக்கம் ப்யூட்னர்னு சொன்னா யாருக்கும் புரியாதுங்க."

"அப்ப உங்க பக்கத்துல ஒயினை எதுல ஊத்தி வச்சாங்க, தொப்பியிலயா?"

பின்னால் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அவன் அம்மா, தலைத்துணியை இறுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "தொப்பியில இல்லைங்க. பின்டர் செஞ்ச பீப்பாயில."

நான் துணியை நனைக்க மறந்து நின்றேன். ஒரு பலகை கருகிவிட்டது. அதற்கும் சேர்த்து எனக்குத்தான் திட்டு விழுந்தது.

ஹால்பர்ஹைமில் எங்கள் வாசல் பலகையைப் படிக்காமல் யாரும் மைன் நதிக்குத் தண்ணீர் எடுக்கப் போக முடியாது. ப்யூட்னர் என்று ஓக் மரத்தில் வெட்டி, புகைக்கரி ஏற்றிய எழுத்து. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய போரில் ஸ்வீடன்காரர்கள் ஊரைக் கொளுத்திவிட்டுப் போன பிறகு முதலில் எழுந்தது கோயில், இரண்டாவது எங்கள் பட்டறை என்பார் அப்பா. "சாமிக்கு அடுத்தது பீப்பாய். ஒயினைக் கையில பிடிச்சிக்கிட்டா நிப்பாங்க?" திராட்சை அறுவடையின்போது முதுகில் கட்டிக்கொள்ளும் தொட்டிக்கு எங்கள் பக்கத்தில் ப்யூட்டே என்று பேர். அதைச் செய்கிறவன் ப்யூட்னர். எங்கள் நதியோரத்தில் பத்து ஊருக்கு ஒரு ப்யூட்னர் இருப்பான். ஆனால் பெயரில் மட்டுமல்லாமல் கையிலும் அது இருந்தவர்கள் நாங்கள்தான் என்பது அப்பாவின் கட்சி.

மாடியில் குடியேறிய மத்தேஸுக்கு இருபத்தாறு வயது. தெரேஸ் அம்மாவுக்கு அறுபது. வந்த நாளிலிருந்தே அடுப்படியில் போர் மூண்டது. தெரேஸ் அம்மா பெட்டியிலிருந்து ஒரு துணிப்பை எடுத்தாள். அதில் இருந்த சிவப்பு மிளகாய்ப் பொடியைக் கரண்டி கரண்டியாக உருளைக்கிழங்கில் போட்டாள். என் அம்மா வால்புர்கா ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள்.

"வீடு முழுக்க நெடி ஏறுது. இது சமையலா, இல்ல பூச்சி மருந்தா?"

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"நான் ஏன் சாகணும்?"

மத்தேஸ் காலையில் வேலைக்குப் போய்விடுவான். குண்டுவீச்சில் தரைமட்டமான வ்யூர்ட்ஸ்பர்க் நகரத்தில் இடிபாடு அள்ளுகிற வேலை. பிறகு பக்கத்துக் கல்குவாரியில் சேர்ந்தான். போகும்போதும் வரும்போதும் எங்கள் முற்றத்தைக் கடந்துதான் போக வேண்டும். வரிசையாகச் சாய்த்து வைத்த பலகைகளை ஒரு பார்வை பார்ப்பான். ஒன்றையும் தொட மாட்டான். அப்பாவும் தொட விடமாட்டார்.

"அகதிக்கு உளியைக் கொடுத்தா நாளைக்கு வாசல்ல தன் பலகையை மாட்டுவான்" என்றார் அம்மாவிடம்.

ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது நான்தான் தெரேஸ் அம்மாவிடம் கேட்டேன், பீப்பாய் செய்கிறவர்களுக்குப் பின்டர் என்று எப்படிப் பேர் வந்தது என்று.

"வளையம் போட்டுக் கட்டறோம்ல, அதனால. ஆனா எங்க வீட்டுக்காரரோட பாட்டனுக்குப் பாட்டன் ஹங்கேரிக்குக் குடிபோக உல்ம் ஊர்ல படகு ஏறினப்போ அவரு பேரு பின்டர் இல்ல கண்ணு. ப்யூட்னர்."

அடுப்புப் பக்கம் நின்ற அம்மா, "ரொம்ப வசதியான கதையா இருக்கே" என்றாள்.

"வசதியெல்லாம் இல்லைங்க. டான்யூப் நதியில பாதி வழியில காய்ச்சல் வந்து அவரு பொண்டாட்டி செத்துட்டா. எறங்கின ஊரு வெறும் புதர்க்காடு. துருக்கிக்காரன் விட்டுட்டுப் போன பூமி. வந்து சேர்ந்தவங்கள்ல பாதிப் பேரு பவேரியா, பாதிப் பேரு ஆஸ்திரியா. பண்ணையோட கணக்கப்பிள்ளை வியன்னாக்காரன். 'பேரென்ன?'ன்னான். 'ப்யூட்னர்.' 'அப்படின்னா?' 'பீப்பாய் செய்யறவன்.' 'பின்டர்னு சொல்லித் தொலையேன்யா, எதுக்கு உளர்றே?'ன்னு எழுதிட்டான். மனுஷன் சண்டை போட்டுப் பார்த்தாராம். அப்புறம், 'சரி போ, செய்யற வேலையைத்தானே எழுதியிருக்கான், திருடன்னு எழுதலையே'ன்னு விட்டுட்டாராம்."

அப்பா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

"வந்து முழுசா ஒரு குளிர்காலம் ஆகல, அதுக்குள்ள எங்க பேர்லயே சொந்தம் கொண்டாட ஆரம்பிச்சாச்சு. அடுத்தது வீட்டுல பங்கு கேப்பாங்க."

தெரேஸ் அம்மா தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "பங்கெல்லாம் வேண்டாங்க. அடுப்புல இன்னொரு கண்ணு விட்டுக் கொடுத்தா போதும்."

அடுத்த வருஷம் கோடையில் வானம் பொய்த்துவிட்டது. நதியில் பாறைகள் தெரிந்தன. கொடிகள் ஆழத்தில் வேர் விட்டிருந்ததால் திராட்சை மட்டும் தேனாக இனித்தது. நிலவறைகளில் இருந்த காலிப் பீப்பாய்கள்தான் காய்ந்து, பலகைக்குப் பலகை விலகி, தண்ணீர் ஊற்றினால் சல்லடையாக ஒழுகின. அறுவடை முன்னதாகவே வந்துவிட்டது. ஊர் முழுக்கப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தது.

அப்பாவுக்கு வலது தோள் முதல் உலகப் போரிலேயே பழுதானது. சின்னப் பீப்பாய்களைச் சமாளித்துவிட்டார். மதுக்கடை வெண்டலின் கொண்டுவந்த பெரிய பீப்பாய்தான் மானத்தை வாங்கியது. அது ஆள் உயரம். அதன் வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிராக நின்று, பீப்பாயைச் சுற்றி நடந்துகொண்டே மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒருவனே அடித்தால் இந்தப் பக்கம் இறங்குகிற வளையம் அந்தப் பக்கம் ஏறிக்கொள்ளும். அப்பா அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடினார். அங்கே அடித்துவிட்டு இந்தப் பக்கம் ஓடினார். நான் மரக்கட்டையை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வெண்டலின் கல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். "புர்கார்ட், பீப்பாய் உன்னைக் கட்டுதா, நீ பீப்பாயைக் கட்டுறியா?"

"வாயை மூடு. இல்லைன்னா உன் ஒயினை உன் வயித்துலயே சேமிச்சு வச்சுக்க."

அந்த நேரத்தில்தான் மத்தேஸ் குவாரியிலிருந்து வந்தான். வழக்கம்போல் நின்று பார்த்தான். வழக்கம்போல் போகவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சுவரில் தொங்கிய கேயோர்கின் சுத்தியலைக் காட்டி, "எடுத்துக்கட்டுங்களா மேஸ்திரி?" என்றான்.

அந்தச் சுத்தியலை அம்மாகூடத் துடைக்க மாட்டாள்.

அப்பா வளையத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தார். எதிர்ப் பக்கத்திலிருந்து பதில் அடி விழுந்தது.

எங்கள் பட்டறைக்கென்று ஒரு தாளம் உண்டு. இரண்டு வேக அடி, ஒரு கனத்த அடி, பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா ஓர் எட்டு நடை. எதிர்க்கரை ஊர்க்காரர்களுக்கே அது வராது. அவர்கள் சீராக டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே போவார்கள். மத்தேஸுக்கு வந்தது. கற்றுக்கொண்டு அடிப்பது போல இல்லை. அந்தச் சும்மா எட்டில் அவன் கை தானாக நின்றது. அப்பா வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினார். அவனும் கூட்டினான். திடீரென்று தணித்தார். அவனும் தணித்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தப் பெரிய பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வளையம் ஒரே மட்டமாக இறங்கியது. வெண்டலின் எழுந்து நின்றுவிட்டான். அம்மா சமையலறை ஜன்னலுக்கு வந்தாள்.

அப்பா சட்டென்று நிறுத்தினார்.

"இதை எங்கே கத்துக்கிட்டே?"

"எங்கப்பாகிட்டங்க."

"அவரு?"

"அவரோட அப்பாகிட்ட."

"அவரு?"

மத்தேஸ் சிரித்தான். "அப்படியே போனா டான்யூப் நதி வந்துடும் மேஸ்திரி."

அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. தெரேஸ் அம்மாவைத் தேடிப் போய், யாரையோ கோபித்துக்கொள்கிற குரலில் சொன்னார்: "நீங்க ஒரு சிவப்புக் குழம்பு வைப்பீங்களே, அது ராத்திரிக்கு எனக்கும் ஒரு கிண்ணம் வேணும்."

சாப்பிட்டார். வேர்த்துக் கொட்டியது. இன்னொரு கிண்ணம் கேட்டார்.

மறுநாளிலிருந்து மத்தேஸ் குவாரிக்குப் போகவில்லை.

அதற்காக முற்றத்தில் சமாதானம் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே கருவிக்கு இரண்டு பேரிடமும் இரண்டு பெயர். அப்பா ஒன்றைக் கேட்பார், இவன் இன்னொன்றை நீட்டுவான். மூடிப் பலகைகளின் இடுக்கில் வைக்கிற நாணலை இவன் குறுக்கே கிழிப்பான், அப்பா நெடுக்கே கிழிப்பார்.

"உங்க ஊர்ல எல்லாமே தலைகீழா?"

"நாங்க பாடுபட்டுச் செய்யற வேலையால பேரு வாங்கினவங்க மேஸ்திரி. நீங்க ஒரு தொட்டியால பேரு வாங்கினவங்க."

"தொட்டி இல்லாம நீ எதைக் கட்டுவே, உன் தலையையா?"

இப்படி நாள் முழுக்க. நான் பலகைகளைத் துடைத்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். அவன் நான் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே பேசுகிறான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஒருநாள் நதிக்கரையில் நாணல் அறுத்துக்கொண்டிருந்தோம். கூடப் பிறந்தவர்கள் யாருமில்லையா என்று கேட்டேன்.

"ஒரு அண்ணன் இருந்தான். யாக்கோப்."

"போர்லயா?"

"சாகல. பேரை மாத்திக்கிட்டான்."

யாக்கோப் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அரசாங்க வேலையில் மேலே போக வேண்டுமானால் ஜெர்மன் பெயர் ஆகாது, ஹங்கேரியப் பெயர் வைத்துக்கொள் என்று நெருக்கினார்களாம். பின்டர் என்பதை விட்டுவிட்டுப் பின்டேர் ஆனார்.

"பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே," என்றேன்.

"காதுக்குத் தெரியாது லோனி. நாப்பத்தொண்ணுல ஜனத்தொகை எடுத்தாங்கள்ல, போர் முடிஞ்சதும் அந்தக் கணக்கைப் புரட்டினப்போ தெரிஞ்சுது. ஜெர்மன்காரன்னு எழுதிக் கொடுத்தவங்கள்லாம் ரயிலேறணும்னாங்க. பின்டர் ஏறினான். பின்டேர் நின்னான்." நாணலை வெட்டுவதை நிறுத்திவிட்டான். "எங்க ரயில் கிளம்பினப்போ ஸ்டேஷன்ல பச்சைக் கொடி காட்டினவன் யாரு தெரியுமா? அவன்தான். அம்மா பெட்டிக்குள்ளேருந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அவன் தலையைத் தூக்கல."

அதற்குப் பிறகு அவன் முன்னால் யாரும் யாக்கோப் பெயரை எடுக்கவில்லை. தெரேஸ் அம்மாகூட.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தபோது அப்பா எனக்காக வேறொரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். ஆடம் ப்யூட்னர். தூரத்து உறவு. கிட்ஸிங்கன் நகரத்தில் ஏதோ அலுவலகத்தில் வேலை. நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ப்ளம் கேக்கோடு வந்தான். அப்பா அவனைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், ஒரு பீப்பாயை ஓரமாக நகர்த்தச் சொன்னார். ஆடம் முதலில் தன் கால்சட்டையைப் பார்த்தான், பிறகு பீப்பாயைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் போய் உருட்டிவிட்டேன்.

அவன் போன பிறகு நான் பேச்சை எடுத்தேன்.

"அப்பா, நான் மத்தேஸைக் கட்டிக்கப் போறேன்."

"கட்டினா நீ பின்டர் ஆயிடுவே."

"ஆமா."

"பையன் பொறந்தா அவனும் பின்டர். இந்த வாசல்ல பின்டர்னு தொங்கும்."

"ஆடமைக் கட்டினா ப்யூட்னர்னு தொங்கும். கதவு பூட்டியிருக்கும்."

அப்பாவின் முகம் எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வராது. இரண்டு மகன்களைக் கொடுத்தவர். மிச்சம் இருந்தது அந்த எழுத்து மட்டும்தான். அதையும் நான் பறிக்கிறேன் என்று நினைத்திருப்பார். முற்றத்தில் ஒரு சொல் இல்லாமல் வேலை நடந்தது. மத்தேஸிடம் சைகையிலேயே கருவி கேட்டார். சண்டை போடுவதைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அம்மாதான் ரொட்டித் தட்டை மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"பேருக்காகத்தானே இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? நான் தோல் பதனிடற லோபர் வீட்டுப் பொண்ணு. எங்கப்பாவுக்கு நான் ஒரே பொண்ணு. உங்களைக் கட்டிக்கிட்டு ப்யூட்னர் ஆனேனே, அன்னிக்கு லோபர்ங்கற பேருக்காக நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா?"

அப்பா அம்மாவை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்ததே இல்லை என்று தெரிந்தது.

"இல்ல," என்றார்.

"அப்ப சாப்பிடுங்க."

ஐம்பதாம் ஆண்டு ஊர்த் திராட்சை விவசாயிகள் சேர்ந்து புது நிலவறை கட்டினார்கள். அதன் முகப்பில் வைக்க ஒரு பெரும் பீப்பாய் எங்களிடம் கேட்டார்கள். அப்பாவும் மத்தேஸும் குளிர்காலம் முழுக்க உழைத்தார்கள். ஸ்பெஸ்ஸார்ட் காட்டு ஓக், நாலு வருஷம் வெயிலிலும் மழையிலும் பதப்பட்ட பலகை. முன்மூடியில் சிற்பம் வெட்டுவது மேஸ்திரியின் உரிமை. திராட்சைக் குலை, எங்கள் பக்கத்துக் காவல் சாமியான புனித கிலியான், நதியில் ஒரு படகு என்று அப்பா வெட்டிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் கீழே, செய்தவன் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் யாரையும் பார்க்க விடவில்லை. ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்து முடித்தார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். அப்பா முன்னால் போய்ச் சாக்கை உருவினார்.

பின்டர் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

பக்கத்தில் நின்ற மத்தேஸின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. கூட்டத்தில் சலசலப்பு. வெண்டலின் சும்மா இருப்பானா?

"யோவ் புர்கார்ட், உன் பேரு எங்கேய்யா? எழுத எடம் பத்தலையா?"

அப்பா திரும்பினார். பழுதான தோளையும் நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"படிக்கத் தெரியாதா உனக்கு? எழுதியிருக்கேனே. இங்கேருந்து கிளம்பி, படகேறி, புதர்க்காட்டுல எறங்கி, இருநூறு வருஷம் கழிச்சு வந்து சேர்ந்திருக்கு. அவ்வளவு தூரம் போயிட்டு வந்தா உச்சரிப்பு கொஞ்சம் மாறத்தான் செய்யும்."

முதலில் சிரித்தது தெரேஸ் அம்மா. பிறகு கூட்டம் கைதட்டியது. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ விழா பார்த்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் கைதட்டலின் நடுவே என் அப்பா நின்றதைப் போல ஒரு மனிதர் நின்று பார்த்ததில்லை. அந்த வசந்தத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. நான் பின்டர் ஆனேன். கோயில் பதிவில் கையெழுத்துப் போடும்போது அப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எழுத்துப் பிழை இல்லாம எழுது," என்றார். அவ்வளவுதான்.

யாக்கோப் வந்தது அறுபத்து நாலில். அப்போதுதான் ஹங்கேரியிலிருந்து ஆட்களை வெளிநாட்டு உறவுகளைப் பார்த்துவர விட ஆரம்பித்திருந்தார்கள். அழைத்தது தெரேஸ் அம்மா. மத்தேஸ் ரயில் நிலையத்துக்கு வரமாட்டேன் என்றான். நானும் தெரேஸ் அம்மாவும் போனோம். பெட்டியிலிருந்து இறங்கியவர் மத்தேஸின் முகத்தையே கொஞ்சம் வெளுத்து வைத்தது போல இருந்தார். தன் தாயைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பிறகு பிளாட்பாரத்திலேயே மண்டியிட்டார்.

முற்றத்தில் மத்தேஸ் இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"மத்தேஸ்," என்றார் யாக்கோப்.

"வாங்க திரு. பின்டேர்."

அந்த விளிப்பு அவருக்கு உறைத்தது. ஆனாலும் அவர் ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்தார்.

"கொடியைப் பத்திக் கேக்கணும்னுதானே இத்தனை வருஷமா வச்சிருக்கே? கேளு."

"ஏன் உன் கையில இருந்துச்சு?"

"அன்னிக்கு எனக்கு வேலை இல்ல. கூட வேலை பார்த்த ஃபெரென்ஸ்கிட்ட கெஞ்சி அவன் முறையை நான் வாங்கிக்கிட்டேன். உங்க பெட்டிகிட்ட யாரையும் விடலடா. வேலையில இருந்தவன் மட்டும்தான் பிளாட்பாரத்துல நிக்கலாம். வேற எப்படி நான் அம்மாவைப் பார்ப்பேன்?"

"நீ தலையையே தூக்கல."

"தூக்கியிருந்தா கொடி காட்டியிருக்க மாட்டேன்."

இழைப்புளி நின்றது.

"பேரு?" என்றான் மத்தேஸ், குரல் கொஞ்சம் இறங்கி.

"ஆபீஸ்ல அழகழகான பேரெல்லாம் சொன்னாங்க. மலையூரான், ஆத்தங்கரையான்னு, ஜமீன் பேரு மாதிரி. நான் பின்டேர் வேணும்னேன். அதிகாரி சிரிச்சான், 'இது வெறும் பீப்பாய்க்காரன் பேருய்யா'ன்னு. ஹங்கேரிக்காரன் பீப்பாய் செய்யறவனை ஏன் பின்டேர்ங்கறான்? அவனுக்கு அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு? நம்ம பேச்சுலேருந்துதானே? நமக்கு முன்னாடி போன எவனோ ஒரு பின்டர்கிட்டேருந்துதானே?" யாக்கோப் தம்பியை நேராகப் பார்த்தார். "நான் அவன் பேரை வாங்கிக்கல மத்தேஸ். அவன்கிட்ட இருந்த நம்ம பேரைத் திருப்பி வாங்கினேன். அப்பாதான் இந்தப் பேரைக் கேளுன்னு சொல்லிக்கொடுத்தாரு."

"அப்பாவா?"

"அப்பாதான்," என்றாள் தெரேஸ் அம்மா. "எனக்கும் தெரியும்."

"அம்மா! பதினெட்டு வருஷமா ஏன் சொல்லல?"

"நீ என்னிக்குடா என்னை அவன் பேரை எடுக்க விட்டே?"

மத்தேஸ் மரச்சீவல்களை உதறிக்கொண்டு எழுந்தான். அண்ணன் உட்கார்ந்திருந்த பீப்பாய்க்கு அருகே போனான். இரண்டு பேரும் அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மாமியாரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஜன்னலைத் திறக்கப் போன அம்மாவையும் தடுத்துவிட்டேன்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. கதையைக் கேட்டதும் கைத்தடியை எடுத்துக்கொண்டார். யாக்கோப்பை ஒரு பக்கமும் மத்தேஸை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வெண்டலினின் கடைக்குக் கிளம்பினார். நாங்களும் பின்னாலேயே போனோம். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று நின்று அறிமுகம் செய்தார். "இவரு பின்டேர். ஹங்கேரியில எங்க பேரைப் பத்திரமா வச்சிருந்தவரு."

கடையில் வெண்டலின் தலையைச் சொறிந்தான்.

"ஒருத்தரு ப்யூட்னர், ஒருத்தரு பின்டர், ஒருத்தரு பின்டேர். மூணு பேரும் ஒரே குடும்பம்ங்கறே. நான் எந்தப் பேர்லதான்யா உங்களைக் கூப்பிடறது?"

"நீ கூப்பிடவே வேண்டாம்," என்றார் அப்பா, நாற்காலியை இழுத்துப் போட்டு. "ஊத்து. நாங்களே வந்துடுவோம்."